கடன் வாங்கிய மலை: மம்சாபுரத்தைச் சுற்றி ஒரு பயணம்

தொலைவில் நிற்கும் மலையையும் தன் தோட்டத்தின் ஒரு பகுதியாக்கிக் காட்டும் கலைக்கு ஜப்பானியர் ‘ஷக்கெய்’ என்று பெயரிட்டுள்ளனர். ‘கடன் வாங்கிய காட்சி’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். கியோத்தோ நகரின் வடக்கிலுள்ள என்ட்சூஜி கோயிலின் தோட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். பாசி படர்ந்த நிலமும் சில கற்களும் கத்தரித்த வேலியுமாக அமைந்த அந்தச் சிறு தோட்டத்தில், வேலிக்கு அப்பால் நெடுமரங்களின் இடைவெளியில் ஹியெய் மலை தெரியும்படி எல்லாம் ஒழுங்குசெய்யப்பட்டிருப்பதால், திண்ணையில் அமர்ந்திருப்பவரின் பார்வையில் மலையே தோட்டத்துக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிய நிலத்தில் அமைந்துள்ள மம்சாபுரம் என்னும் பேரூராட்சியின் கண்மாய்க் கரையில் நிற்பவருக்கு, இதே காட்சி யாரும் திட்டமிடாமலேயே கைகூடியிருப்பது தெரியும். மேற்கே மலை சுவர்போல் எழுந்து நிற்க, அதன் நிழல் கண்மாய் நீரில் விழுந்து கிடக்க, கிழக்கே தென்னந்தோப்புகள் மறைக்காத இடங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரின் கோபுரம் வானத்தில் ஒரு கோடாகத் தெரியும்.

இப்பகுதிக்கு வரும் வெளியூர்ப் பயணிகளில் பெரும்பாலோர் இக்கரைக்கு வருவதில்லை. சென்னையிலிருந்து பொதிகை விரைவு ரயிலிலோ, திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாகவோ வந்து, ஆண்டாளைச் சேவித்து, கையில் பால்கோவாப் பொட்டலத்துடன் குற்றாலம் நோக்கிப் புறப்பட்டுவிடுவதே அவர்களின் வழக்கம். ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கத் தக்க ஊராகவே ஸ்ரீவில்லிபுத்தூர் அவர்களின் நினைவில் தங்குகிறது. மலை, கண்மாய், தோப்பு, கோயில் ஆகியவற்றை ஒரே காட்சியாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்நிலம் தன்னை முழுமையாகக் காட்டும் என்பதால், மம்சாபுரத்தை நடுவாகக் கொண்டு, கிழக்கும் மேற்கும் தெற்குமாகச் சென்று திரும்பும் பயணமே இதற்குப் பொருத்தமானது.

ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதியவர்களுக்குக் குறைவில்லை. 1930-களில் அங்கே சென்று புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார் அந்நாட்டைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார், தி. ஜானகிராமனின் ‘உதய சூரியன்’ ஜப்பான் பயணத்தின் பயனாகப் பிறந்த நூல். இன்றோ செர்ரி மலர் பூக்கும் பங்குனி மாதக் கடைசியில் கியோத்தோவுக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகள், எந்த நாளில் எந்தத் தெருவில் பூ மலர்ந்திருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் புறப்படுகிறார்கள். அதே பயணிகள் சொந்த மாவட்டத்தில் எந்த மாதத்தில் எந்த ஓடையில் நீர் வரும் என்று கேட்டறிந்து வீட்டை விட்டுக் கிளம்புவது அரிது.

இரு நாட்டு மரபுகளுக்கும் இடையே இதைவிட ஆழமான ஓர் ஒற்றுமை உண்டு. ஜப்பானியப் பயண மரபில் பெயர் பெற்ற இடத்தை ‘மெய்ஷோ’ என்பர். பழைய கவிதைகளில் மீண்டும் மீண்டும் பாடப்பட்டதால் புகழ் பெற்ற இடப்பெயர்களை ‘உதமகுரா’ என்பர். ‘பாட்டின் தலையணை’ என்பது இதன் சொற்பொருள். 1689-இல் வடபுலம் நோக்கி நடந்த கவிஞர் பாஷோ, புதிய இடங்களைக் கண்டுபிடிக்கும் ஆவலைக் காட்டிலும், முன்னோர் பாடிய இடங்களைத் தம் கண்ணால் பார்க்கும் ஆவலினாலேயே பெரிதும் உந்தப்பட்டார். வைணவர் ‘திவ்ய தேசம்’ என்று வழங்கும் 108 இடங்களும் இவ்வாறே அமைந்தவை. ஆழ்வார்களின் பாடலைப் பெறுவதை ‘மங்களாசாசனம்’ என்பர். அதைப் பெற்ற கோயிலே திவ்ய தேசமாகக் கொள்ளப்படும். பாட்டு முதலில் வந்து, பயணி அதன்பின் வருகிறான். இந்த வகையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது பாடல் பெற்ற ஊர் மட்டுமல்லாமல், பன்னிரு ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் என இருவரைப் பெற்ற ஊருமாகும்.

மம்சாபுரத்திலிருந்து காலையில் பேருந்தில் கிழக்கே செல்லும் பயணிக்குக் கோயில் இரு வளாகங்களாக அமைந்திருப்பது முதலில் விளங்க வேண்டும். வடகிழக்கில் இருப்பது ஆலிலையில் பள்ளிகொண்டவன் என்னும் பொருளுடைய வடபத்ரசாயியின் கோயில். ‘வடம்’ என்பது ஆலமரத்தையும் ‘பத்ரம்’ என்பது இலையையும் குறிக்கும் வடசொற்கள். தென்மேற்கில் இருப்பது ஆண்டாள் கோயில். பெரியாழ்வார் வாழ்ந்த இல்லமே பின்னர் கோயிலாயிற்று என்பது மரபு. இரண்டுக்கும் இடையே நந்தவனம் உள்ளது. பெருமாளுக்கு மாலை தொடுப்பதைத் தொண்டாகக் கொண்ட பெரியாழ்வார், துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்று சொல்லப்படும் இடம் அது. பெரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே ஆண்டாள் சன்னிதிக்கு விரையும் கூட்டம் இந்த நந்தவனத்தை வழியோர மரத்தடியாகவே கடந்துபோகிறது. ஊரின் கதை முழுவதும் பூப்பறிப்பிலும் மாலை கட்டுவதிலும் தொடங்குவதால், இந்த அவசரம் சற்று வருத்தம் தருவதே.

வடபத்ரசாயி கோயிலின் இராஜகோபுரம் 11 நிலைகளும் 192 அடி உயரமும் உடையது. நாயக்கர் காலத்துக் கோபுரங்கள் பலவற்றில் காணப்படும் சுதை உருவங்களின் நெருக்கம், அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்து வண்ணம் தீட்டிய பொம்மைகளின் கூட்டம், இதில் இல்லை. நிலைகளின் அடுக்கும் அவற்றின் நிழலுமே இதன் அழகு. 1949-இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த மாநில அரசின் சின்னத்தில் இருப்பது இக்கோபுரமே என்று இவ்வூரார் உறுதியாகச் சொல்வர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே அது என்று மதுரையார் அதே உறுதியுடன் சொல்வர். அதே 1949-இல் சென்னை மாகாண முதல்வர் பொறுப்பை ஏற்ற பி. எஸ். குமாரசாமி ராஜா பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்தவர் என்பதையும் விவாதத்தின் நடுவே நினைவூட்டத் தவறாதவர்கள் இங்கே உண்டு. இவ்வழக்கைத் தீர்த்துவைப்பது பயணியின் வேலையன்று. அரசாங்கக் காகிதத்தில் தினமும் பார்க்கும் உருவத்துக்காக இரண்டு ஊர்கள் இத்தனை ஆண்டுகளாக உரிமை கோருவது, கோபுரம் தமிழர் மனத்தில் எதைக் குறிக்கிறது என்பதற்குப் போதிய சான்று.

ஆண்டாள் கோயிலின் கருவறையில் ரங்கமன்னார் நின்ற கோலத்தில் இருக்க, ஒரு பக்கம் ஆண்டாளும் மறுபக்கம் கருடனும் நிற்கின்றனர். பெருமாளின் எதிரே கைகூப்பி நிற்க வேண்டிய கருடன் இங்கே உடன் நிற்பது வேறெங்கும் எளிதில் காண முடியாதது. பெருமாளுக்கென்று தொடுத்த மாலையை ஆண்டாள் தான் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் ‘கண்ணாடிக் கிணறு’ கோயிலுக்குள்ளேயே உள்ளது. சூடிக் களைந்த மாலையையே பெருமாள் விரும்பினான் என்பதால் அவளுக்குச் ‘சூடிக்கொடுத்த சுடர்க்கொடி’ என்ற பெயர் வந்தது. அது பழங்கதையாக நின்றுவிடவில்லை. திருப்பதியில் புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், மதுரையில் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சூடுவதற்கும், ஆண்டாள் சூடிய மாலை இவ்வூரிலிருந்து ஆண்டுதோறும் புறப்பட்டுச் செல்கிறது.

கலைநயத்தில் கோபுரத்தைவிட நுட்பமானது ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி. அது உலோகத்திலோ கல்லிலோ செய்யப்பட்டதன்று. மரவள்ளி இலைகளை அடுக்கி உடலும் சிறகும் அமைத்து, மாதுளம்பூவால் அலகு வைத்து, மூங்கில் குச்சிகளால் கால் பொருத்தி, நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. இப்பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவோர் இவ்வூரிலேயே உள்ளனர். ஒரு நாள் அவள் கையில் இருந்துவிட்டு, மறுநாள் வேறொரு கிளிக்கு இடம் கொடுத்து அது விலகுகிறது. ஜப்பானின் இசே ஆலயம் இதற்கு நல்ல ஒப்புமை. அங்கே 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மரக்கட்டடத்தை அகற்றி, அடுத்த மனையில் அதே அளவில், அதே முறையில் புதிய ஆலயத்தை எழுப்புகின்றனர். 2013-இல் நடந்தது 62-ஆவது புதுப்பிப்பு. பொருளைப் பாதுகாப்பதைவிடப் பொருளைச் செய்யும் கையறிவைப் பாதுகாப்பதே பெரிது என்னும் கருத்து அதன் அடியில் உள்ளது. இசேயின் தச்சர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை காணும் அப்புதுப்பிப்பை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளி செய்பவர் ஒவ்வொரு நாளும் காண்கிறார். உலகப் புகழ் பெற்றது இசே. இலைக்கிளியை இவ்வூருக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலர்.

கோயிலின் மண்டபங்களில் திருமலை நாயக்கர் காலத்துத் திருப்பணிகளைக் காணலாம். அவர் ஆட்சி 1623 முதல் 1659 வரை நீடித்தது. யாளித் தூண்களும் மரச்செதுக்கு விதானங்களும் பொறுமையுடன் பார்க்கத் தக்கவை. விதானத்தைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டியிருப்பதால் பலரும் அதைத் தவிர்த்துவிடுகின்றனர். அரையர் சேவை எனப்படும் மரபும் இங்கே எஞ்சியுள்ளது. குல்லாயும் தாளமும் கொண்ட அரையர் ஆழ்வார் பாசுரங்களை இசையுடனும் அபிநயத்துடனும் நிகழ்த்துவதை, ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி போன்ற மிகச் சில இடங்களைத் தவிர வேறெங்கும் காண இயலாது. மார்கழியில் வருபவர் இதற்கு நாள் பார்த்து வரவேண்டும். அம்மாதத்தில் பகல் பத்து தொடங்கும் நாளில் ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்கு எழுந்தருள, அங்கே கீரையும் காய்கறிகளும் கரும்பும் பழங்களும் தரையெங்கும் பரப்பி அவளை வரவேற்கும் ‘பச்சை பரத்தல்’ நிகழ்கிறது. தெய்வத்தை மகளாக நினைத்துப் பிறந்தகத்துக் காய்கறிகளால் எதிர்கொள்ளும் இந்த ஒரு காட்சி, சுற்றுப்புற நிலத்தின் விளைச்சலைக் கோயிலுக்குள் கொண்டுவந்து விரித்துக் காட்டுவதாகவும் அமைகிறது.

ஆடி மாதத்தில் பூர நட்சத்திரத்தை ஒட்டி நடைபெறும் ஆடிப்பூரத் திருவிழாவில் இந்தத் தொடர்பு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். தேரோட்டத்துக்குத்தான் கூட்டம் பெருகுகிறது. ஆயினும் நிலத்தை அறிய விரும்பும் பயணி ஐந்தாம் நாள் இரவில் ஐந்து பெருமாள்கள் எழுந்தருளும் ஐந்து கருட சேவைக்கு வருவது நல்லது. வடபத்ரசாயியாகிய பெரிய பெருமாளும் ரங்கமன்னாரும் ஊருக்குள் இருப்பவர்கள். திருத்தங்கல் அப்பன் கிழக்கே சிவகாசிப் பக்கத்திலிருந்து வருபவர். தென்திருப்பதி என்று போற்றப்படும் திருவண்ணாமலையின் சீனிவாசப் பெருமாள் ஊரை அடுத்த குன்றுக்கு உரியவர். பெயர் ஒன்றாயினும் இது சிவத்தலமாகிய திருவண்ணாமலையன்று. காட்டழகர் எனப்படும் சுந்தரராஜப் பெருமாளோ மேற்கு மலைக் காட்டுக்கு உரியவர். காடும் குன்றும் ஊரும் பக்கத்துத் தலமும் ஒரே இரவில் ஒரே வீதியில் கருடன் மேல் வரிசையாக வரும்போது, வரைபடம் ஒன்று உயிர்பெற்று நகர்வது போன்ற தோற்றம் உண்டாகிறது.

நடுப்பகலில் கோயில் நடை சாத்தப்படும். அந்நேரத்தில் கடைத்தெருவில் பால்கோவா கிண்டும் அடுப்புகளைப் பார்க்கலாம். பசும்பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேர்க்காமல், அகன்ற இரும்புச் சட்டியில் விறகுத் தீயில் இடைவிடாமல் கிளறி, பாலின் நீர் வற்றித் திரளும் பக்குவத்தில் இறக்குவதே இதன் முறை. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட ஊரில் விளைந்த அல்லது செய்த பொருளுக்கே அப்பெயரை உரிமையாக்கும் சட்டப் பாதுகாப்பு, வழங்கப்பட்டது. மாலை தொடுக்கும் ஊரில் பூ விற்பதைப்போல, ஆயர்பாடியைப் பாடியவளின் ஊரில் பால் வற்றக் காய்ச்சுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதில் சரித்திரத் தொடர்பு தேடுவது மட்டும் வீண்.

மேற்கே திரும்பினால் பயணத்தின் தன்மை மாறிவிடும். செண்பகத்தோப்பு என்பது மலையடிவாரத்தில் காடு தொடங்கும் இடம். காட்டழகர் கோயிலுக்கும் ஓடைகளுக்கும் செல்லும் வழி இங்கிருந்து தொடங்குகிறது. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988-இல் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் இம்மலையில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் இதனையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது, நாட்டில் 51-ஆவது. ஆகவே காட்டுக்குள் எங்கே, எப்போது செல்லலாம் என்பதை வனத்துறையே முடிவு செய்கிறது. வாசலில் திருப்பியனுப்பப்படுவதைக் குறையாக எடுத்துக்கொள்ளும் பயணி, தான் பார்க்க வந்த காடு அந்த வாசலினால்தான் இன்னும் காடாக இருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த அணில், முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணிலைவிடப் பன்மடங்கு பெரியது. வாலே உடலளவுக்கு நீண்டிருக்கும். உச்சிக் கிளைகளில் குச்சியும் இலையும் சேர்த்துக் கூடு கட்டி, மரத்துக்கு மரம் தாவி வாழ்வதால் தரைக்கு இறங்குவது அரிது. எனவே அதன் வாழ்வு, மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பதைப் பொறுத்தது. இடையில் ஒரு மரம் வெட்டப்பட்டால் அதற்குப் பாலம் முறிந்ததாகவே ஆகும். ஓடைக்கரை மருதும் அடிவாரத் தோப்புகளின் மாவும் புளியும் அதற்கு வேண்டியவை. அதிகாலையில் ஓசையின்றி நின்று மேலே பார்ப்பவருக்கு, முதலில் கிளையசைவும், பிறகு தொங்கும் வாலும், கடைசியில்தான் அணிலும் தெரியும்.

இம்மலைத் தொடரின் வடபகுதியில், வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறை வழியாக ஏறும் சதுரகிரி உள்ளது. சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் ஆகிய சன்னிதிகளை நோக்கி ஆடி அமாவாசையில் பெருந்திரள் ஏறும். காட்டாறுகள் திடீரெனப் பெருகும் பாதை என்பதால், அனுமதி உள்ள நாளிலும் மேலே வானத்தைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே முறை.

மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று கேட்டால், விடை பயணியை மீண்டும் மம்சாபுரத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கமான கேரளத்தில் கொட்டித் தீர்ந்துவிட, இப்பக்கம் மழைமறைவு நிலமாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே இந்நிலத்தின் ஆதாரம். சில நாள்கள் மட்டும் பெருகும் ஓடைகளின் நீரைக் கண்மாயில் தேக்கி, மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சி, மிஞ்சியதைக் கலுங்கு வழியே வெளியேற்றி அடுத்த கண்மாய்க்கு அனுப்புவது பழைய ஏற்பாடு. கலுங்கைத் தாண்டி நீர் வழிவதை ‘மறுகால் பாய்தல்’ என்பர். கண்மாய் மறுகால் பாய்ந்தது என்ற செய்தி கேட்டதும் ஊரார் கரைக்குச் சென்று பார்ப்பதும் பிள்ளைகள் அங்கே குளிப்பதும், ஜப்பானியர் மலர் பார்க்க மரத்தடியில் கூடும் ‘ஹனாமி’யை ஒத்த வழக்கம். இங்கே வேளை கணக்கிட்டு விரிக்கும் பாயும் கட்டுச்சோறும் இல்லை. அந்த வேளையை மேகம்தான் முடிவு செய்கிறது. கோடையில் வரும் பயணி வெடித்த கண்மாய்த் தரையையும், அதனருகிலேயே காய்த்துத் தொங்கும் மாந்தோப்பையும் ஒருங்கே காண்பார். கிணற்று நீரும் மலையடி ஈரமும் தோப்பைக் காத்து நிற்பதால் இந்த முரண் உண்டாகிறது.

தெற்கே ராஜபாளையம் வேறொரு முகம் உடையது. ஆந்திரத்திலிருந்து முன்னொரு காலத்தில் குடியேறிய ராஜுக்களின் பெயரால் விளங்கும் இவ்வூர், 1930-களில் நூற்பாலைகள் எழத் தொடங்கியதும் தொழில் நகரமாயிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. இளஞ்சிவப்பு மூக்கும் வெண்ணிற உடலும் கொண்ட ராஜபாளையம் நாயின் உருவம் 2005-இல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. நகரை ஒட்டிய சஞ்சீவி மலையை, அனுமன் சுமந்து சென்ற மூலிகை மலையிலிருந்து சிதறிய துண்டு என்பர். இந்தக் கதை இல்லாத குன்று தென்னாட்டில் குறைவுதான். மேற்கே முடங்கியாற்றுச் சாலையில், நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்தால் அய்யனார் கோயிலும் அருவியும் வரும். இன்னும் தெற்கே தேவதானத்தில், இப்பகுதியின் ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத்துக்கு உரியதாகக் கொள்ளப்படும் நச்சாடை தவிர்த்த லிங்கேசுவரர் கோயில் உள்ளது.

பிற்பகலின் இறுதியில் மம்சாபுரத்துக் கரைக்குத் திரும்பிவிடுவது நல்லது. மேற்கே மலை உயர்ந்திருப்பதால் அடிவாரத்தில் பொழுது விரைவாகச் சாய்கிறது. வெயில் முற்றும் அணைவதற்கு வெகு முன்பே மலையின் நிழல் காட்டைவிட்டு இறங்கி, கண்மாய் நீரைக் கடந்து, தோப்புகளின் மேல் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கும். ஊரில் விளக்கேற்றும் வேளையில் அந்நிழல் கோபுரத்தின் அடியைத் தொட்டு ஒவ்வொரு நிலையாக ஏறும். உச்சிக் கலசங்களில் மட்டும் வெயில் சற்று நேரம் தங்கியிருந்து, பிறகு அதுவும் இல்லாமல் போகும்.